மங்கிய முகப்பு விளக்கு

நுழையும்முன்

இரவில் ஓடும் ஊர்திக்குக் கண்ணாக இருப்பது அதன் முகப்பு விளக்கு. அக்கண்ணில் மூட்டம் படிந்திருப்பதை, ஓட்டுபவரே பல ஆண்டுகள் அறியாமல் இருந்துவிடலாம். அம்மூட்டம் எங்கிருந்து வருகிறது, வீட்டு முற்றத்தில் அமர்ந்து அதனை எவ்வாறு நீக்குவது என்பவற்றைப் பேசுகிறது இப்பாடம்.

இராசபாளையத்திலிருந்து தென்காசி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை, மேற்குத் தொடர்ச்சி மலையை வலப்புறம் துணையாகக் கொண்டு தெற்கே நீள்கிறது. சேத்தூரும் தேவதானமும் சிவகிரியும் அவ்வழியில் அடுத்தடுத்து வரும் ஊர்கள். தேவதானம் என்றால் இறைவனுக்குக் கொடையாக விடப்பட்ட நிலம் என்று பொருள். அங்குள்ள நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயில், தென்பாண்டி நாட்டில் ஐம்பூதத் தலங்களாகப் போற்றப்படும் ஐந்து கோயில்களுள் வானுக்கு உரியது. அந்த வானத்திலிருந்து இறங்கும் வெயில்தான் இக்கட்டுரையில் எதிராளியாக வருகிறது.

பகலில் இச்சாலை எவரையும் அச்சுறுத்துவதில்லை. இரவில் நிலைமை வேறு. கேரளம் செல்லும் சரக்குந்துகள் விடியுமட்டும் ஓடுகின்றன. கார்த்திகையிலும் மார்கழியிலும் சபரிமலைக்குச் செல்வோரின் ஊர்திகள் சேர்ந்துகொள்கின்றன. தைப்பூசத்தை ஒட்டித் திருச்செந்தூருக்கு நடந்து செல்லும் அடியார்கள், வெயிலுக்கு அஞ்சி, இவ்வட்டாரச் சாலைகளின் ஓரமாக இரவிலேயே நடக்கிறார்கள். வயலுக்கு நீர் பாய்ச்சப் போகிறவர் மண்வெட்டியைத் தோளில் சார்த்திக்கொண்டு சாலையைக் கடக்கிறார். இவர்கள் எவரிடமும் விளக்கு இருப்பதில்லை. எதிரே வரும் ஊர்தியின் விளக்கை நம்பியே இவர்கள் நடக்கிறார்கள்.

தேவதானத்தில் வாடகைக் கார் ஓட்டும் ஒருவருக்குக் கடந்த சில மாதங்களாகவே ஓர் ஐயம். இரவில் சாலை முன்புபோல் தெரியவில்லை. ஐம்பதைத் தொட்டுவிட்ட தம் கண்களைத்தான் அவர் முதலில் குறை கூறினார். மூக்குக் கண்ணாடியை மாற்றிப் பார்த்தார். பின்பு விளக்கின் குமிழ்தான் பழுது என்று எண்ணி அதனையும் மாற்றினார். ஒளி கூடவில்லை. அடுத்ததாக, 60 வாட் குமிழுக்கு மாறாக 100 வாட் குமிழ் பொருத்திவிடலாம் என்று ஒருவர் கூறிய அறிவுரை அவருக்குப் பிடித்துப் போயிற்று.

அந்த அறிவுரை பலரையும் ஏமாற்றக்கூடியது. முகப்பு மூடி மங்கியிருக்கும்போது உள்ளே எவ்வளவு வலிய குமிழை வைத்தாலும், ஒளி நேராகச் சாலைக்குப் போகாமல் நாற்புறமும் சிதறும். சிதறிய ஒளி எதிரே வருபவரின் கண்ணில்தான் விழும். குமிழின் கூடுதல் வெப்பம் விளக்கின் உட்பாகங்களையும் இளக்கிவிடும். ஓட்டுபவருக்குப் பெரிதாகப் பயனில்லை. எதிரில் வருபவருக்கோ இடையூறு.

தம் விளக்கு மங்கியதை அவர் அறியாமற்போனதில் வியப்பில்லை. ஓட்டுநர் விளக்குக்குப் பின்னால் அமர்பவர். அதன் முகத்தை அவர் பார்ப்பது அரிது. மேலும், மூட்டம் ஒரே இரவில் வருவதன்று. ஒவ்வொரு மாதமும் எள்ளளவு ஒளி குறையும்போது கண்ணும் அக்குறைவுக்குப் பழகிக்கொள்கிறது. நேற்றைய ஒளியோடுதான் இன்றைய ஒளியை மனம் ஒப்பிடுகிறது. பத்தாண்டுகளுக்கு முந்தைய ஒளியை நினைவில் வைத்திருப்பவர் யார்?

கணக்கிட்டால் விளங்கும்

அமெரிக்க ஊர்தியாளர் சங்கம் 2018ஆம் ஆண்டில் ஓர் ஆய்வினை வெளியிட்டது. வெயிலில் ஆண்டுக்கணக்கில் உழைத்து மங்கிய விளக்குகள், புதிய விளக்கு தரும் ஒளியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கையே தந்தன என்று அவ்வாய்வு கூறியது. முகப்பு மூடியைத் தேய்த்துச் சீர்செய்தபின் ஒளி ஏறத்தாழ 70 விழுக்காடு அளவுக்கு மீண்டது.

இவ்விரு எண்களையும் இயற்பியல் வகுப்பில் படிக்கும் எதிர் இருமடி விதியோடு சேர்த்துப் பார்க்கலாம். ஒளி செல்லும் தொலைவு இரு மடங்கானால், ஒரு பொருளின்மீது விழும் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும். ஆகவே விளக்கின் ஒளி ஐந்தில் ஒன்றாகக் குறைந்தால், பொருள் தெரியும் தொலைவு ஐந்தின் வர்க்கமூலத்தால் வகுபடும். புதிய விளக்கில் 60 மீட்டருக்கு அப்பால் தெரிந்த மனிதர், மங்கிய விளக்கில் 27 மீட்டருக்கு வந்தபிறகே அதே அளவு தெளிவாகத் தெரிவார். விளக்கைச் சீர்செய்தால் அத்தொலைவு 50 மீட்டராக மீளும். சாலையின் நிறம், நடப்பவரின் உடை, எதிர்வரும் ஒளி ஆகியவற்றைப் பொறுத்து இக்கணக்கு மாறும் என்றாலும், போக்கு இதுவே.

இனி மற்றொரு கணக்கு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. ஆளைக் கண்டு, கால் பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி ஆகும் எனக் கொண்டால், அதற்குள் 25 மீட்டர் கடந்துவிடும். உலர்ந்த நல்ல சாலையில் கார் முழுமையாக நிற்க மேலும் 20 மீட்டர் வேண்டும். ஆக, 45 மீட்டர். 50 மீட்டரில் தெரிந்தவரின் முன்னே கார் நின்றுவிடும். 27 மீட்டரில் தெரிந்தவரின் அருகே வரும்போது, ஓட்டுநரின் கால் அப்போதுதான் பிரேக்கைத் தொட்டிருக்கும்.

கண்ணாடி போய் நெகிழி வந்தது

முகப்பு விளக்கு மங்குவது முற்காலத்து ஓட்டுநர்கள் அறியாத குறை. 1950களின் பிற்பகுதியிலிருந்து 2014 வரை இந்தியாவில் உருவான அம்பாசிடர் காரின் வட்ட விளக்குகளுக்குக் கண்ணாடி முகம் இருந்தது. கண்ணாடி கல்லடிபட்டால் உடையும், ஆனால் மஞ்சளாகாது. 1953ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெல் என்பவரும், அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் டேனியல் ஃபாக்ஸ் என்பவரும் ஒருவரை ஒருவர் அறியாமலேயே பாலிகார்பனேட் என்னும் நெகிழியை உருவாக்கினர். அது கண்ணாடியின் எடையில் ஏறத்தாழ பாதியே உடையது. அடியைத் தாங்குவதில் கண்ணாடியைவிடப் பன்மடங்கு வலியது. வேண்டிய வளைவில் வார்க்கத்தக்கது. 1983இல் அமெரிக்க விதிகள் திருத்தப்பட்டு, மாற்றத்தக்க குமிழும் நெகிழி முகமும் கொண்ட விளக்குகளுக்கு அங்கே இசைவு கிடைத்தது. பின்னர் உலகெங்கும் கார்களின் முகம் மாறிற்று.

பாலிகார்பனேட்டுக்கு ஒரு பகை உண்டு. அது வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர். நீண்ட சங்கிலிகளாகக் கோக்கப்பட்ட அதன் மூலக்கூறுகளை அக்கதிர் ஆங்காங்கே அறுக்கிறது. அறுபட்ட இடங்களில் காற்றிலுள்ள ஆக்சிஜன் சேர்கிறது. அவ்வாறு தோன்றும் புதிய சேர்மங்கள் ஊதா, நீல ஒளிகளை உறிஞ்சுவதால் நெகிழி மஞ்சளாகத் தெரிகிறது. இதனைத் தடுக்கவே, தொழிற்சாலையில் முகப்பு மூடியின்மேல் கண்ணுக்குத் தெரியாத பாதுகாப்புப் பூச்சு ஒன்றை இடுகின்றனர். வெயில் முதலில் அந்தப் பூச்சைத் தின்கிறது. ஆனி ஆடிக் காற்றில் பறக்கும் மணலும், முன்செல்லும் சரக்குந்தின் சக்கரம் தெறிக்கும் பொடிக்கற்களும் அதனைக் குத்திக் குழியாக்குகின்றன. பூச்சு செதில் செதிலாக உரிந்தபின் நெகிழி வெயிலுக்கு நேராக முகம் கொடுக்கிறது.

தேவதானத்துக் காரின் வலப்புற விளக்கு, இடப்புற விளக்கைவிட மிகுதியாக மஞ்சளித்திருந்தது. தெருவோர வேம்பின் நிழல் ஒரு பாதிக்கே எட்டியதால், நாள்தோறும் அதே இடத்தில், அதே திசை நோக்கி நின்ற காரின் வலப்பக்கத்தில்தான் மாலை வெயில் விழுந்தது. ஓர் ஊர்தி எங்கே நின்று பழகியது என்பதை அதன் விளக்கே சொல்லிவிடும்.

நீர் சொன்ன செய்தி

மூட்டம் எங்கே இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்தவர் பதினோராம் வகுப்பில் படிக்கும் அவர் மகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காரைக் கழுவிக்கொண்டிருந்தபோது, நீர் பட்ட விளக்கு பளிச்சென்று தெளிந்ததையும், காய்ந்தவுடன் மீண்டும் வெளுத்ததையும் அவள் கவனித்தாள்.

“அப்பா, தண்ணி இருக்கும்போது நல்லாத்தானப்பா இருந்துச்சு? காஞ்ச உடனே ஏன் இப்படி ஆகுது?”

“அதத்தான் தாயி நானும் பாக்கேன். உள்ள அழுக்குன்னா தண்ணிக்குப் போகுமா?”

அக்கேள்வியிலேயே விடையும் இருந்தது. ஒளி நெகிழியிலிருந்து காற்றுக்குள் நுழையும்போது அதன் வேகம் வெகுவாக மாறுகிறது. பாலிகார்பனேட்டின் ஒளிவிலகல் எண் 1.58, காற்றின் எண் 1. மேற்பரப்பு கரடுமுரடாக இருந்தால் ஒவ்வொரு குழியும் ஒளியை ஒவ்வொரு திசையில் திருப்பும்; அதுவே மூட்டம். நீரின் எண் 1.33. அது குழிகளை நிரப்பி மட்டமாக்குவதோடு, நெகிழிக்கும் காற்றுக்கும் இடையே ஒரு படிக்கட்டுப் போலவும் அமைகிறது. சிதறல் குறைகிறது, விளக்கு தெளிகிறது. மங்கிய விளக்கைக் கண்ணில் விழும் புரையோடு ஒப்பிடுவது ஊர்வழக்கு. ஆனால் கண்புரை வில்லையின் உள்ளேயே தோன்றுவது. வில்லையை மாற்றுவதே அதற்கு வழி. இங்கோ குறை மேல்தோலில் மட்டுமே உள்ளது. நனைத்துப் பார்த்துத் தெளிந்தால் அவ்விளக்கைத் தேய்த்து மீட்கலாம். நனைத்தும் தெளியாவிட்டால், குறை உட்புறத்திலோ ஆழ்ந்த வெடிப்பிலோ இருக்கிறது. அங்கே தேய்ப்பதால் பயனில்லை.

தேய்த்தல்

தேய்த்து ஒளியேற்றுவது தமிழர் வீடுகளுக்குப் புதிதன்று. குத்துவிளக்கைப் புளியிட்டு ஊறவைத்துச் செங்கற்பொடியால் துலக்கும் பெண்கள், கரடான பொருளைக் கொண்டே பளபளப்பை உண்டாக்கலாம் என்பதை நெடுங்காலமாக அறிந்தவர்கள். (அம்மிக்கு இதற்கு நேர்மாறான வேலை. வழுவழுப்பாகிவிட்ட அம்மியைக் கொத்திக் குழியாக்கினால்தான் மிளகாய் அரைபடும்.) முகப்பு விளக்குக்குச் செங்கற்பொடிக்கு மாற்றாக வருவது நீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள். பட்டறைகளில் இதனை வாட்டர் பேப்பர் என்பர். தாளின் பின்புறம் அச்சிட்ட எண் கூடக்கூட அதன் துகள் நுண்ணியதாகும். 1000 எண் தாளின் துகள் ஏறத்தாழ 18 மைக்ரான். 2000 எண் தாளில் அது ஏறத்தாழ 10 மைக்ரான்.

இராசபாளையத்தில் வண்ணக்கடை ஒன்றில் 800, 1000, 1500, 2000, 3000 எண்களில் தாள்களை வாங்கி வந்தார் அவர். புதிய விளக்குத் தொகுதிக்குக் கேட்ட விலையில் இது மிகச் சிறிய பங்கே ஆகும். தாள்களைப் பத்து நிமிடம் நீரில் ஊறவைத்தார். விளக்கைச் சோப்பு நீரால் கழுவி, ஒட்டியிருந்த மணலை முற்றிலும் நீக்கினார். ஒரே ஒரு மணல் எஞ்சினாலும் அது தாளுக்கடியில் புகுந்து நீண்ட கீறலிட்டுவிடும். சுற்றியிருந்த வண்ணப்பூச்சின்மீது ஒட்டுநாடாவை இரண்டு அடுக்காக ஒட்டினார். பழைய ரப்பர்ச் செருப்பொன்றை வெட்டி, அதன்மீது தாளைச் சுற்றிக்கொண்டார். விரலால் அழுத்தித் தேய்த்தால் விரல் பட்ட இடம் மட்டும் பள்ளமாகும்; ரப்பர்த் துண்டு அழுத்தத்தைப் பரவலாக்கும்.

800 எண் தாள் முதலில் இறங்கியது. இடமிருந்து வலமாக, ஒரே சீராக, இடைவிடாமல் நீர் விட்டுக்கொண்டே தேய்க்க வேண்டும். நீர் இல்லையேல் வெப்பத்தில் நெகிழி இளகித் துகள்கள் தாளை அடைத்துக்கொள்ளும். வடிந்த நீர் மஞ்சள் கலந்த பாலாக இருந்தது. உரிந்து வந்தது பழைய பூச்சு. அது வெளிவரும் வரை தேய்ப்பதே முதற்கட்டத்தின் நோக்கம். பலர் பாதியில் நிறுத்திவிடுகின்றனர்; பூச்சு திட்டுத்திட்டாக எஞ்ச, விளக்கு தேமல் படர்ந்ததுபோல் ஆகிறது. வடியும் நீரில் மஞ்சள் நின்று வெண்மை மட்டும் தெரிந்தபோது அவர் கையை எடுத்தார்.

அந்நிலையில் விளக்கைப் பார்ப்பவர் மனம் கலங்குவர். மங்கலாகவேனும் இருந்த விளக்கு, இப்போது குளியலறைச் சன்னலின் சொரசொரப்புக் கண்ணாடிபோல் முற்றிலும் வெளுத்து நிற்கும். மகளும் கலங்கினாள். இருந்ததையும் கெடுத்துவிட்டோமோ என்று அவள் தந்தையின் முகத்தைப் பார்த்தாள். இவ்வேலையில் மிகக் கடினமான பகுதி தேய்ப்பதன்று. முன்னைவிட மோசமாகத் தெரியும் இந்த அரைமணி நேரத்தைத் தாங்குவதுதான்.

அடுத்து 1000 எண் தாள். இம்முறை மேலிருந்து கீழாக. திசையை மாற்றுவதற்குக் காரணம் உண்டு. முன்னைய தாள் இட்ட கிடைக்கோடுகள் ஒன்றுகூட எஞ்சாமல், புதிய நெடுங்கோடுகள் மட்டுமே தெரியும்போது அக்கட்டம் முடிந்தது என்று உறுதியாகச் சொல்லலாம். 800 எண் தாளின் கீறல் ஒன்றை விட்டுவிட்டு 2000 எண்ணுக்குத் தாவியவர், இறுதியில் அக்கீறலைக் கண்டு முதலிலிருந்து தொடங்க நேரும். 1500, 2000, 3000 எனத் தாள்கள் மாறமாற, பெரிய கீறல் சிறிய கீறலாகவும் சிறியது நுண்ணியதாகவும் தேய்ந்தது. கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான் வரை. கீறல்கள் அந்த அளவை நெருங்க நெருங்க ஒளி அவற்றைப் பொருட்படுத்தாமல் கடந்து செல்லத் தொடங்குகிறது. அந்த இறுதி நுண்மையைத் தாள் தராது. மெருகேற்றும் பசையைத் தூய மென்துணியில் தடவித் தேய்க்கும்போது அது கிட்டுகிறது. பட்டறைகளில் கைதுடைக்கப் பயன்படும் நூல்கழிவை இதற்கு எடுக்கலாகாது; அதில் சிக்கிய தூசி, அரும்பாடுபட்டு நீக்கிய கீறலை மீண்டும் போட்டுவிடும்.

வலப்புற விளக்கு மட்டும் முடிவதற்குள் பிற்பகல் ஆயிற்று. இடப்புற விளக்கைத் தொடாமல் விடும்படி மகள் கேட்டுக்கொண்டாள். இருட்டியபின் ஒரு சுவரிலிருந்து பத்தடித் தொலைவில் காரை நிறுத்தி, ஒரு விளக்கை அட்டையால் மறைத்தும் மற்றொன்றைத் திறந்தும் மாறிமாறிப் பார்த்தனர். தேய்த்த விளக்கின் தாழ்நிலை ஒளி, சுவரில் மேல்விளிம்பு கோடு கிழித்தாற்போல் விழுந்தது. அக்கோட்டுக்கு மேலே இருள்; கீழே வெளிச்சம். எதிரே வருபவரின் கண்ணைக் காப்பது அக்கோடே. தேய்க்காத விளக்கின் ஒளிக்கு விளிம்பே இல்லை. கஞ்சித் தண்ணீரை வீசியதுபோல் அது சுவர் முழுவதும் வழிந்திருந்தது. கோடு இருக்க வேண்டிய இடத்தை அவள் சாக்கட்டியால் குறித்து வைத்தாள்.

போர்வை

இத்தோடு வேலை முடிந்தது என்று கருதுவோரே மிகுதி. மறுநாள் இராசபாளையத்தில் தமக்குத் தெரிந்த வண்ணம் பூசும் தொழிலாளியிடம் அவர் விளக்கைப் பெருமையோடு காட்டினார். அத்தொழிலாளி விளக்கை விரல்நுனியால் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

“தேய்க்கிறத யாரும் தேய்ச்சிரலாம்ணே. மேல போர்வை போத்தாம விட்டா அடுத்த கோடைக்கே பழைய மாதிரி ஆயிரும்.”

அவர் கூறியது வேதியியல் உண்மை. தேய்க்கும்போது மஞ்சளோடு தொழிற்சாலைப் பூச்சின் எச்சமும் போய்விட்டது. இப்போது நிற்பது காப்பேதும் இல்லாத நெகிழி. பற்பசையால் விளக்கைத் துலக்கும் வீட்டு முறை சில வாரங்களே நிலைப்பதும் இதனால்தான். பற்பசையில் உள்ள நுண்துகள்கள் மேற்பரப்பைச் சற்று மெருகேற்றுகின்றன. காப்பை அவை தருவதில்லை. தேங்காய் எண்ணெய் தடவுவது இன்னும் ஏமாற்றானது. நீர் செய்ததையே அது சற்று நீண்ட நேரம் செய்கிறது. பழைய கார் வாங்கப் போகிறவர் அதன் விளக்கை ஒரு துணியால் அழுத்தித் துடைத்துப் பார்ப்பது நல்லது. கொசுவிரட்டித் தைலம், பெட்ரோல், தின்னர் ஆகியவற்றால் துடைப்போரும் உளர். அவை நெகிழியின் மேற்பரப்பைக் கரைப்பதால் ஒரு கணம் பளபளக்கும். பின்னர் மயிரிழை வெடிப்புகள் தோன்றும். அவற்றை எந்தத் தாளாலும் நீக்க முடியாது.

புற ஊதாக் கதிரைத் தடுக்கும் நிறமற்ற பூச்சுகள் இரு வகையில் கிடைக்கின்றன. துணியில் நனைத்துத் தடவும் வகையை வீட்டிலேயே இடலாம். அதன் ஆயுள் குறைவு. இரு கலவைகளைச் சேர்த்துத் தெளிக்கும் வகை பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால் அதன் கடினப்படுத்தியில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்குத் தீங்கானது. தக்க முகக்காப்பு இல்லாமல் வீட்டு முற்றத்தில் அதனைத் தெளிப்பது கூடாது. தேய்ப்பதை வீட்டிலும் தெளிப்பதைப் பட்டறையிலும் வைத்துக்கொள்வதே தக்கது. தேவதானத்துக்காரரும் அவ்வாறே செய்தார். இடப்புற விளக்கையும் அடுத்த ஞாயிறன்று தேய்த்து முடித்து, இரண்டையும் ஒருசேரப் பூச்சுக்குக் கொடுத்தார். பூச்சு இடுமுன் தொழிலாளி 1000 எண் தாளால் விளக்கைச் சற்றே சொரசொரப்பாக்கினார். மகள் பதறினாள். வழுவழுப்பில் பூச்சு பிடிக்காது என்றும், எஞ்சும் நுண்கீறலைப் பூச்சே நிரப்பிவிடும் என்றும் அவர் விளக்கினார். கழுவும்போது நீர் செய்ததை இங்கே பூச்சு நிலையாகச் செய்கிறது என்பதை அவள் உடனே புரிந்துகொண்டாள்.

சீர்செய்த விளக்கு புதிய விளக்காகிவிடாது. மேலே கூறிய ஆய்வு, மீட்கப்பட்ட விளக்குகளில் எதிரே வருபவரைக் கூசச்செய்யும் சிதறல் சற்றுக் கூடுதலாகவே எஞ்சியதையும் பதிவு செய்துள்ளது. உள்ளே நீர் கோத்த விளக்கு, பிரதிபலிப்பான் கருகிய விளக்கு, குறுக்கே வெடித்த விளக்கு ஆகியவற்றை மாற்றியே ஆக வேண்டும். பூச்சும் என்றென்றைக்குமானது அன்று. ஆண்டுக்கு ஒருமுறை, விளக்கை நனைத்துக் காயவிட்டு, காய்ந்தபின் வெளுக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

கார் இப்போது அதே வேம்பின்கீழ்தான் நிற்கிறது. ஆனால் முகத்தைக் கிழக்கே திருப்பி, விளக்குகளின்மேல் பழைய சாக்குத் துணியைத் தொங்கவிட்டபடி. பயன்படுத்தாமல் எஞ்சிய தாள்களில் இரண்டைப் பக்கத்து வீட்டுச் சரக்கு வேன்காரர் வாங்கிப் போயிருக்கிறார். 800 எண் தாளில் அவசரப்படாமல் இருக்குமாறு அவரிடம் மகள்தான் சொல்லியனுப்பினாள்.